கார்மார்தன் எந்தத் தொகுதி?

மார்ச் 9, திங்கள்
மழை. டென்மார்க்கில், அதுவும் இக்காஸ்ட் ஊரில், வேறென்ன. இந்தக் கொப்பியில் நடந்ததை மட்டும் எழுதுவேன், எனக்கு வெட்கமானதையும்கூட.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு, உறவினர் வாழும் ஊர். என்னுடையது வேல்ஸில் கார்மார்தன்: மாவட்டத் தலைநகர், ஆறு, இடிந்த கோட்டை. அங்கே இருக்கும் மாமாதான் எழுதித் தந்தார். (எல்லோருக்கும் பெரியவர்களே எழுதுவார்கள். நாங்கள் பாடமாக்குவோம்.) முதலிடம் என்றால் வைலே நகரில் அடுத்த சுற்று. எடுப்பேன்.

மார்ச் 11, புதன்
வெயில், ஆனால் குளிர். பள்ளி நூலகம். மாமாவின் வசனம்: "எங்கள் ஊர் தென் பெம்புரோக்சயரோடு சேர்ந்த தொகுதி." பிழை! அது பழைய எல்லை. லண்டன் நாடாளுமன்றத்துக்குக் கடந்த தேர்தலில் இருந்து ஊரின் பெயரிலேயே தொகுதி. கார்டிஃபில் உள்ள வேல்ஸ் நாடாளுமன்றத்துக்கு வரும் மே மாதம் இன்னும் பெரிய தொகுதி, ஆறு உறுப்பினர்கள். எவ்வளவு அழகு!

அம்மா வேலையால் வந்ததும் டேனிஷில் சொன்னேன்.
"தமிழில கதை."
"எல்லையை மாத்திப்போட்டாங்கள், அம்மா."
"மாமா அங்க இருக்கிறார், நீ இங்க இருக்கிறாய். ஆருக்குத் தெரியும்? பிரதி நடுவரிட்டக் குடுத்தாச்சு. ஒரு வசனம் மாறினாலும் புள்ளி வெட்டுவினம்."

மார்ச் 13, வெள்ளி
மாமாவுக்கு அழைப்பு.
"போன முறை எந்தத் தொகுதியில வாக்குப் போட்டனீங்கள், மாமா?"
"அதை ஆர் பார்த்தது? நான் ஆளின்ரை பேரைத்தான் பார்த்தனான்." சிரிப்பு. பிறகு மெல்ல: "மேடையில மாமா பிழை எண்டு மட்டும் சொல்லிப்போடாதை, பிள்ளை. வீடியோ சொந்தக்காரர் எல்லாருக்கும் போகும்."

மார்ச் 14, சனி
மேடை. அந்த வசனம் வந்தது. நடுவர் ஐயாவின் பேனா பிரதியில் வரிக்கு வரி ஓடியது. "முன்பு அப்படி, இப்போது இப்படி," என்றேன். மாமாவின் பெயரை இழுக்கவில்லை. ஆறு உறுப்பினரையும் விடவில்லை. பேனா நின்றது, கோடு போட்டது.

இரண்டாம் இடம். வைலேக்குத் தோழி அபி போகிறாள், ஒரு எழுத்தும் தவறாதவள். கழிவறையில் அழுதேன், கொஞ்சம். மறுபடி நின்றாலும் அதையே சொல்வேன்.

வெளியே வர, கதிரை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா: "ஐயா கேக்கிறார், அந்த ஆறு பேரை எப்பிடித் தெரிவு செய்யிறதாம்? எனக்கென்ன தெரியும், நீ போய்ச் சொல்லு."

"வாக்கு கட்சிப் பட்டியலுக்கு, ஐயா."
"அப்ப ஆளைத் தெரிய ஏலாதோ? அது நியாயமோ?"
அம்மாவும் கதிரையை வைத்துவிட்டு வந்து நின்றார். கையில் கிடைத்த தாளில் தொகுதியை வரைந்து காட்டினேன். பாதி வரைவதற்குள் மண்டபக்காரர் விளக்குகளை அணைத்துவிட்டார்.