நீ வரைந்த நாற்பது வினாடி

இன்று காலை லஸ் முனையில் பேருந்துக்காக நின்றிருந்தபோது, நம் அனிமேஷன் தொடரைப் பார்த்த ஒருவர் எழுதியிருந்ததைக் கைபேசியில் படித்தேன். "நாலாவது எபிசோடுல ஒரு பொம்பள வீட்டுக் கதவத் தூக்கிட்டு வந்து விண்கலத்துல ஏறுறாங்களே, அத எழுதினவங்க அந்த வலியப் பட்டவங்களாத்தான் இருக்கணும். எழுத்தாளருக்கு என் வணக்கம்." கீழே என் பெயரைப் போட்டிருந்தார். என் பேருந்து வந்து நின்று, போயும் விட்டது. நான் ஏறவில்லை.

அந்த எழுத்தாளர் நான்தான். ஆனால் அந்த வலியைப் பட்டவள் நீ. அந்தக் காட்சியே வேண்டாம் என்று அடித்தவள் நான்.

தி. நகரில் துணிக்கடைக்கு மேலே இருந்த நம் ஸ்டுடியோவில் ஏழு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தோம். நீ படம் வரைபவள், நான் கதை எழுதுபவள். கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும் நாளில் டப்பாவைத் திறக்குமுன், "ஜன்னல தொறந்து வெச்சிக்கோமே, அப்புறம் என்ன திட்டாத" என்பாய். மயிலாப்பூர்க்காரியான நான் மூக்கைச் சுளிப்பேன் என்று உனக்கு ஒரு நினைப்பு. ஒருநாள் நான் ஜன்னலைத் திறக்காமலே உன் டப்பாவில் கை வைத்தேன். அன்று நீ சிரித்த சிரிப்பில் கீழ்த்தளத்துக் காவலாளி மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

கடல் ஏறிவந்து சென்னையை மூடிவிட்ட ஒரு காலத்தைப் பற்றியது நம் தொடரின் கதை. மிஞ்சியவர்களை விண்கலத்தில் ஏற்றி வேறொரு கோளுக்கு அனுப்புகிறார்கள். தண்ணீருக்கு மேலே கோயில் கோபுரம் மட்டும் தெரிவதாக முதல் படம் இருக்கட்டும் என்றேன். "கோபுரத்த எல்லாரும் வரைவாங்க. மொட்ட மாடில ஜனம் எப்டி கீதுன்னு யார் வரையறது?" என்று கேட்டாய். நீ வரைந்த மாடியில் ஒரு கேஸ் அடுப்பும், கொடியில் காயும் பள்ளிக்கூடச் சீருடையும், கிளிக்கூண்டின் மேல் விரித்த குடையும் இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கதையே பிடிபட்டது.

நான்காம் பகுதிக்காக எல்லோரும் கூடிப் பேசிய நாளில்தான் அந்தக் கதவைப் பற்றிச் சொன்னாய். அடையாற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்ய லாரிகள் வந்தபோது உனக்கு ஒன்பது வயது. மற்றவர்கள் பாத்திரமும் பாயும் ஏற்ற, உன் அம்மா வீட்டுக் கதவைக் கழற்றி, செம்மஞ்சேரி வரை மடியில் சாய்த்துப் பிடித்தபடி லாரியில் உட்கார்ந்து வந்தாராம். அங்கே அரசு கொடுத்த புது வீட்டில் ஏற்கெனவே ஓர் இரும்புக் கதவு இருந்தது. இதை நம் கதையில் வைக்கலாம் என்றாய்.

"ராக்கெட்ல யாரு கதவத் தூக்கிட்டுப் போவாங்க?" என்று நான் சிரித்தேன்.

"லாரியா இருந்தா இன்னா, ராக்கெட்டா இருந்தா இன்னா? ஊட்ட உட்டுப் போறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

நீ விடாமல் பேசினாய். எனக்கு எரிச்சல் வந்தது. இயக்குநரும் மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, "இது அறிவியல் கதை. உன் வீட்டுக் கதை இல்ல" என்றேன். நீ நோட்டை மூடி, "சரி" என்றாய். அதன் பிறகு ஒரு மாதம் வேலையைத் தவிர வேறு எதையும் நாம் பேசவில்லை. மதியம் நீ வேறு மேசைக்குப் போனாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் என்றார்கள். திங்கட்கிழமை வந்துவிடுவாய், வந்ததும் பேசிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை நீ மருத்துவமனையில் இருந்தாய். பத்தாம் நாள் போய்விட்டாய். சாவு வீட்டில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு, உன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினேன்.

மீதி வேலையை முடிப்பதற்காக உன் கணினியைத் திறந்தபோது அந்தக் காட்சி இருந்தது. நாற்பது வினாடி. ஒலி மட்டும்தான் சேர்க்க வேண்டியிருந்தது. கதவோடு வரும் பெண்ணை விண்கலத்தின் வாசலில் காவலன் தடுக்கிறான். அவள் வாதாடவில்லை, கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். வரிசை நகராமல் கிடக்கிறது. கடைசியில் காவலனே கதவின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடக்கிறான். "கதையில இது எங்க வரும்?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார். நான் எழுதிய இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டு இடம் செய்தேன்.

ஒளிபரப்பான அன்று முதலில் வந்தவை கேலிகள்தான். "ராக்கெட்ல கதவா? அடுத்த வாரம் ஜன்னலா?" என்று எழுதியவர்களை என்னால் கோபிக்க முடியவில்லை. நான் பேசிய பேச்சுதானே அது. மறுநாளிலிருந்து வேறு மாதிரி வரத் தொடங்கின. "எங்க அம்மா அம்மிக்கல்லத் தூக்கிட்டு வந்தாங்க, லாரிக்காரர் திட்டினாரு. அவங்க ஏன் அழுதாங்கன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது" என்று ஒரு பெண். "எங்க நைனா ஊட்டு நம்பர் பலகைய பேத்து எடுத்தாந்தாரு. இன்னும் பீரோக்குள்ள கீது" என்று இன்னொருவர். ஒவ்வொன்றையும் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது.

இன்று காலை அந்த வணக்கத்துக்குக் கீழே பதில் எழுதினேன்: "இந்தக் காட்சி என்னுடையது அல்ல. என் தோழி வரைந்தது. நான் வேண்டாம் என்றேன். அவள் இப்போது இல்லை." பிறகு ஸ்டுடியோவுக்குப் போகாமல் செம்மஞ்சேரிக்குப் போனேன்.

உன் அம்மா தொடரைப் பார்த்திருக்கவில்லை. என் கைபேசியில் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார். "தோ பாரு, என் நடைய அப்டியே போட்டுக்கீறா. கால கொஞ்சம் சாச்சி வெப்பேன், அது கூட!" மூன்றாவது தடவை பார்க்கும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சேந்து பண்ணீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லி, நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், எல்லோர் முன்னாலும் உன்னை என்ன சொன்னேன் என்பது உட்பட. அவர் கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சண்டன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்றார் பிறகு. "ஆஸ்பத்திரில நான்தான் கேட்டேன், உன் பிரண்டுக்கு போன் போடட்டான்னு. வாணாம்மா, அது நாலாவது எபிசோடு எழுதிக்கினு கீது, நடுவுல தொந்தரவு பண்ணாத, நான் வந்து பேசிக்கிறேன்னா."

எழுந்து போய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். "துன்னுட்டுப் போ கண்ணு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்தார். தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

இத்தனை நாளும் நீ கோபத்தில்தான் என்னைக் கூப்பிடவில்லை என்று நம்பியிருந்தேன். அது எனக்கு ஒருவிதத்தில் சௌகரியமாகவும் இருந்தது. இனி அப்படி இருக்க முடியாது. பத்து நாள் இருந்தது. நான் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நீ எடுத்திருப்பாய்.