குட்டையில் மிஞ்சியிருக்கும் ஒற்றை விரால்

தணிகை முருகன் துணை

திருத்தணி
சுபானு வருடம் மாசி மாதம் 10ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

என் மகன் கஜபதிக்கு உன் நைனா வீராசாமி தன் கையாலேயே எழுதிக்கொள்வது. எழுத்து கோணலாக இருக்கிறது என்று கோபித்துக்கொள்ளாதே. வரி ஒன்று மலைப்படி மாதிரி மேலே ஏறுகிறது, அடுத்தது இறங்குகிறது, நீதான் பார்த்து நடக்க வேண்டும். ஒரு வரி முடிப்பதற்குள் கை வலித்துவிடுகிறது, ஆனாலும் மனதுக்குள் ஒரே சிரிப்பு. அறுபத்திரண்டு வயது வரை மசியில் தோய்த்து வைத்த கட்டைவிரல் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறது பார். போன ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸின் போர்டைப் பார்த்து கனகம்மாசத்திரம் என்று உரக்கப் படித்தேன், உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு முறையும் படித்துக் காட்டினேன். இங்கே நாங்கள் எல்லாரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் பேனா நகரவில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் எழுத்தில் பார்க்கக் காத்திருக்கிறேன். கார்த்திகையில் வந்த கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

உன்னிடம் எதையும் மறைக்கப்போவதில்லை, மறைத்ததால் வந்த வினையைத்தான் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். நம் பூந்தோட்டத்துக் குட்டையை நீ மறந்திருக்க மாட்டாய். கெண்டையும் விராலும் சரியாக இருந்தால்தான் அது குட்டை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். விரால் இல்லாவிட்டால் கெண்டை பெருகிப் பெருகி, தின்ன ஒன்றும் இல்லாமல் தீக்குச்சி மாதிரி ஆகிவிடும். விரால் அதிகமானால் கெண்டையே இருக்காது. அதனால்தான் வருடா வருடம் ஆடியில், மழைக்கு முன்னால், ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து வளர்ந்த விராலை எல்லாம் பிடித்து ஒரே ஒரு ஜோடியை விட்டுவைப்பேன். நீ பட்டாளத்துக்குப் போன பிறகு வந்த ஆடிக் கிருத்திகையில் மட்டும் பிடிக்கவில்லை. மலைமேல் நின்று, என் பிள்ளை திரும்பி வரும்வரை அந்தக் குட்டையில் ஒரு உயிரையும் எடுக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். புண்ணியம் என்று நினைத்துச் செய்தேன். ஒரு உயிரையும் எடுக்காதவன் எல்லா உயிரையும் விராலுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் விரால் குஞ்சு பொரித்தது, தண்ணீர் மேல் குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பாகத் திரிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தை பிறந்தபோது ஒரு கெண்டைகூட மேலே வரவில்லை. பொரியைப் போட்டால் அப்படியே மிதந்தது. பிறகு தவளைச் சத்தம் நின்றது. கரையோரம் ஒரு கை தண்ணீர் அள்ளினால் கொசுவாகப் போகிற கூத்தாடிப் புழு நெளிகிறது, முன்பெல்லாம் அதைக் கெண்டைதான் தின்றுகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கொசு புகைபோல் எழும்பி வீட்டுக்குள் வருகிறது. தை கடைசியில் உன் மகள் மணியம்மைக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை தவறாமல் வருகிறது. மூன்று கம்பளி போர்த்தினாலும் பல் கிடுகிடுக்கிறது. உன் சம்சாரம் சந்திரா குழந்தையை மடியை விட்டு இறக்குவதில்லை. நிலவேம்புக் கஷாயம் கொடுக்கிறோம். கொயினா மாத்திரை பட்டாளத்துக்கே போதவில்லையாம், கம்பவுண்டர் கையை விரித்துவிட்டார்.

இனி உன் கடிதத்தின் கதையைக் கேள். யாத்ரீகர் சத்திரத்தில் எழுத்து வேலை பார்க்கும் ஜம்புலிங்கம்தான் உன் கடிதங்களை நமக்குப் படித்துக்காட்டுகிறவன் என்று உனக்குத் தெரியும். அவனே ஐப்பசியில் ஒருநாள், வாங்க அண்ணே எழுத்து கத்துக்குங்க என்று வலிய வந்து கூப்பிட்டான். முறத்தில் மணலைப் பரப்பி, நாலு மாதம் விரல் தேய எழுதினேன். போன வெள்ளிக்கிழமை உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். ஊர்ப் பெயர் வரும் இடங்களில் எல்லாம் பட்டாளத்தில் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். பூசாத இடத்தில், புரட்டாசியில் வந்த கடிதத்தில், நீ குளிர்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடப்பதாக எழுதியிருக்கிறாய். கொசுவால்தான் வருகிறது என்று அங்கே டாக்டர் சொன்னாராம். நைனா, விராலைப் பிடிக்காமல் விட்டீர்களாமே, எனக்காக அந்த வேண்டுதல் வேண்டாம், பிடித்துவிடுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இதில் ஒரு சொல்கூட அப்போது என் காதில் விழவில்லை. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சத்திரத்துக்குப் போனேன். ஜம்புலிங்கத்தைக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கு அண்ணிக்குத்தான் முதல்ல படிச்சேன், உங்ககிட்ட அதைப் படிக்கக் கூடாதுன்னாங்க. என் வாயால சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன் அண்ணே. எழுத்து கத்துக் குடுக்க மாட்டேன்னு வாக்கு குடுக்கல" என்றான். அவனை அடிக்கவா கும்பிடவா என்று தெரியவில்லை.

உன் அம்மாவைக் குறை சொல்லாதே. ரத்தினம்மாள் பயத்தில் செய்தாள். விராலைத் தொட்டால் வேண்டுதல் முறியும், முறிந்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது அவள் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் கனகம்மாசத்திரத்துப் பக்கத்து ஏரியிலிருந்து இரண்டு பானை கெண்டைக்குஞ்சு கொண்டுவந்தேன், மேலே சொன்ன பஸ் அதற்காக ஏறியதுதான். ஒரு கை கூத்தாடிப் புழுவைப் பானையில் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் காணோம். ஆனால் விரால் இருக்கும் தண்ணீரில் இதுகளை எப்படி விடுவது? நேற்று குழந்தைக்கு மறுபடி குளிர் எடுத்தபோது ஊத்தாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால் அளவுதான் தண்ணீர். அம்மா கரையில் உட்கார்ந்துகொண்டு, "மலை மேல சொன்ன சொல்லு என்னா ஆச்சு? அது தண்ணில அலைஞ்சிகினு இருக்கற வரிக்கும்தான் என் புள்ள அங்க நடமாடிகினு இருப்பான்" என்றாள். சந்திரா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். "மாமா, அவரு எழுதினத நீங்களே படிச்சீங்க இல்ல. அப்புறம் என்னா" என்றாள்.

பதினொரு விரால் பிடித்தேன். ஒன்றைக்கூட அம்மா வீட்டுக்குள் விடவில்லை, வண்டிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கரையிலேயே வயிற்றைக் கிழித்தபோது பார்த்தேன், உள்ளே கெண்டை முள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் விரால் குஞ்சு. தின்ன வேறு இல்லாமல் தன் இனத்தையே தின்றிருக்கின்றன. கிழட்டு விரால் ஒன்று மட்டும், நீ ஊரில் இருந்தபோதே முழங்கை நீளம் இருந்ததே, கறுத்த தலை, அது அகப்படவில்லை. நான் நிற்கும்போது என் கெண்டைக்காலை உரசிக்கொண்டு சேற்றுக்குள் போயிற்று. குளிர்ந்த கை தொட்டாற்போல் இருந்தது. அது தப்பியதில் அம்மாவுக்கு உயிர் வந்தது. இன்று காலையிலிருந்து கரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அது மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்கிறாள். முற்றத்துப் பானையில் கெண்டைக்குஞ்சு நேற்று ஏழு செத்தது, இன்று இருபது.

இன்று காய்ச்சல் இல்லாத நாள், அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. நாளை அதன் முறை. நாளைக் காலை நான் மறுபடி இறங்குகிறேன். சொன்ன சொல்லை உடைக்கிறேன் என்று தெரிந்துதான் இறங்குகிறேன். குற்றம் என்னுடையது, முருகன் கேட்டால் என்னைக் கேட்கட்டும் என்று மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது அந்த விரால் குட்டையில் இருக்காது. அதன்பிறகு உன் அம்மா தபால்காரனைத் தவிர வேறு யாரையும் பார்க்க மாட்டாள், சாப்பிடுவாளா என்பதும் சந்தேகம். ஆகையால் நீ எந்த நிலையில் இருந்தாலும் ஒரு வரி எழுது. பிறரைக் கொண்டு எழுத வேண்டாம், உன் கையாலேயே எழுது. உன் எழுத்து எனக்கு இப்போது அடையாளம் தெரியும்.

கொசுவலைக்குள் படு, காய்ச்சின தண்ணீரைக் குடி. தணிகைமலையான் உன் தலைமாட்டில் நிற்கட்டும், நீ நூறு வயது இருக்க வேண்டும். உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை நான் எழுதுவேன், அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் எழுதுவேன். நீ எழுதும்வரை நிறுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் நைனா
பூ. வீராசாமி