துத்தநாகத்தின் பங்காளி

ஆடி 7, செவ்வாய்.

கொலுசு பற்றவைக்கும் பொடியில் என் வீட்டுக்காரர் இன்று துத்தநாகத்துக்குப் பதில் காட்மியம் கலந்தார். சீக்கிரம் உருகுகிறதாம். "துத்தநாகத்துக்குப் பங்காளிதான் புள்ள, கடைக்காரரே சொன்னாரு" என்றார். ஆடிக் காற்றில் தீ அலைகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பகல் முழுக்க அந்தப் புகையிலேயே குனிந்திருந்தார்.

சாயங்காலம் பிளஸ் ஒன் படிக்கும் மகளிடம் கேட்டேன். தனிம அட்டவணையை விரித்தாள். "பங்காளிதாம்மா. குணம் ஒத்துப்போறதையெல்லாம் ஒரே தொகுதியில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெச்சிருக்காங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் அவள் விரலுக்குக் கீழே இருந்த கட்டத்தைப் பார்த்தேன். துத்தநாகம், காட்மியம், அதற்கடுத்துப் பாதரசம். பாதரசம் விஷம் என்று எனக்கே தெரியும்.

"அப்ப நடுவுல இருக்கறது யாரு மாதிரி சாமி?"

அவள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள்.

சோறு வேண்டாமென்று படுத்தவருக்குக் குளிரும் இருமலும். "ஆடிக் காத்து ஒத்துக்கல, காலைல ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்கிறார். நாள் முழுக்க ஜன்னலைச் சாத்தியிருந்தவருக்கு எந்தக் காற்று?

விடியும்வரை காத்திருக்கப் பயமாக இருக்கிறது. மகள் ஆட்டோவுக்குப் போன் செய்கிறாள். உள்ளே இருமல் சத்தம் நின்றுவிட்டது. எழுப்பப் போகிறேன்.