ஒரே மூலையில் இரண்டு விளக்கு

செப்டம்பர் 5

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் தெரு முழுக்கப் புதுப் பையும் புது ஷூவும். முன் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே எல்லாருக்கும் கை அசைத்தேன். மனசு லேசாக இருந்தது. மத்தியானம் வரைக்கும்தான்.

மத்தியானம் க்ளீவ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொல்கிறான்: "ஒடெஸா, நான் கட்சி மாறிட்டேன்."

எந்தக் கட்சிக்கு என்று கேட்க வேண்டியதில்லை. இந்த அமெரிக்காவில் இருப்பதே இரண்டு. என்னுடையது கழுதைச் சின்னம். இந்தத் தெருவுக்கு இருபத்திரண்டு வருஷமாக நான்தான் ஜனநாயகக் கட்சியின் பூத் பொறுப்பாளர். மீதி இருப்பது யானை.

"இத்தனை வருஷம் கழுதையோட குடித்தனம் பண்ணிட்டு, இப்ப யானை கேக்குதா உனக்கு?" என்றேன்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை," என்றான். சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த ஊறுகாயையும் எடுத்துக்கொண்டான்.

செப்டம்பர் 6

ஏன் மாறினான் என்று எனக்குத் தெரியாதா என்ன.

போன வருஷம் ஜூன் மாதம். மூலைக் கடைக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனான். அந்த மூலையில் தெருவிளக்கு செத்துப் பல வருஷமாகிறது. இருட்டில் ஒரு பையன் விலாவில் துப்பாக்கியை வைத்துப் பர்ஸையும் கடிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டான். முப்பது வருஷம் டிராம் ஓட்டியதற்குக் கம்பெனி கொடுத்த கடிகாரம் அது. அதே வாரம் யாரோ யாரையோ சுட்ட குண்டு பக்கத்து வீட்டு மிஸ் பெர்லீனின் ஜன்னலைத் துளைத்து சோபாவில் போய் உட்கார்ந்தது. நல்ல வேளை, அவள் அன்று சர்ச்சில் இருந்தாள்.

அதற்கு முன்பெல்லாம் வெயில் தாழ்ந்தால் க்ளீவின் மடக்கு நாற்காலி நடைபாதைக்கு வந்துவிடும். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அவனிடம் நின்று வம்பளந்துவிட்டுத்தான் போவார்கள். அந்த நாற்காலி இப்போது நிலவறையில் பாய்லருக்குப் பின்னால் கிடக்கிறது.

டெலவேரில் இருக்கும் மகள் ரெனிட்டா வாராவாரம் கூப்பிடுகிறாள். "கீழ் ரூம் காலியாத்தாம்மா இருக்கு. ரெண்டு பேரும் வந்துடுங்க." க்ளீவ் கெடு வைத்திருக்கிறான். "நவம்பர் எலெக்‌ஷன் முடியட்டும். இந்தத் தெருவுல ஒண்ணும் மாறலேன்னா வீட்ட வித்துட்டுப் போறோம்." வீட்டுத் தரகரின் அட்டை குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறது.

எனக்குப் போக இஷ்டமில்லை. இங்கே நான் மிஸ் ஒடெஸா. அங்கே ரெனிட்டாவின் அம்மா.

செப்டம்பர் 14

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது சரிதான். பிலடெல்ஃபியாவின் வடகிழக்குப் பக்கத்திலிருந்து ஸ்ட்ரோபெல் என்று ஒரு வெள்ளைக்காரர் பெரிய வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். குடியரசுக் கட்சியின் வட்டத் தலைவராம். எங்கள் பூத்தில் அவர்கள் கட்சிக்குப் பொறுப்பாளரே கிடையாது. அந்த இடம் எத்தனையோ வருஷமாகக் காலி. என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நான் போட்ட காப்பியைக் குடித்து, என் புருஷனுக்கே அந்தப் பதவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் எங்கள் வட்டத் தலைவர் மோப்லி போன் பண்ணினார். "ஒடெஸா, போன தடவை உன் பூத்துல யானைக்கு ஒம்பது ஓட்டு. அது இருபதைத் தாண்டுச்சுன்னு வையி, அடுத்த தடவை வேற ஆளத்தான் போடணும். சொல்லிட்டேன்."

"ஒரே கூரைக்கு அடியில இருக்கற ஒத்த ஓட்டையே என்னால பிடிச்சு வெக்க முடியல, இதுல இருபதா?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 20

டி.வி.யில் இரண்டு வேட்பாளர்களும் மோதிக்கொண்டார்கள். எங்கள் ஆள், இப்போதைய கவுன்சிலர்: கொலைகள் குறைந்துவிட்டன. அவர்கள் ஆள், பழைய போலீஸ்காரர்: பிலடெல்ஃபியா பற்றி எரிகிறது. இரண்டு பேரும் பேசியது எங்களைப் போன்ற தெருக்களைப் பற்றி. ஆனால் இரண்டு பேரையும் நான் இங்கே பார்த்ததில்லை.

டி.வி.யை அணைத்த பிறகு சமையலறையில் எங்கள் விவாதம் ஆரம்பித்தது.

"எண்ணிக்க குறஞ்சது நெசந்தான் க்ளீவ். நான் கதை விடல."

"இருக்கட்டும். என் விலாவுல துப்பாக்கிய வெச்சப்ப எந்த எண்ணிக்கையும் என் பக்கத்துல வந்து நிக்கல."

"அவனுக்குப் பதினாறு வயசுதான் இருக்கும்னு நீதானே சொன்ன. சாயங்காலம் போய் நிக்க ஒரு இடம், கைக்கு ஒரு வேலை இருந்திருந்தா—"

"நான் வேணாங்கலியே. அவன ஜெயில்ல போட்டு சாவியத் தூக்கி எறின்னும் சொல்லல. முதல்ல பிடி. பிடிச்சாத்தானே புத்தி சொல்ல முடியும்? போலீஸ் வந்து எழுதிக்கிட்டுப் போனான். அதுக்கப்பறம் ஒரு போன் உண்டா?"

"உன் ஆளு ஜெயிச்சா மட்டும் போன் வந்துடுமா?"

"தெரியல. ஆனா உன் ஆளு பயப்படுவான்ல?"

பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன்.

செப்டம்பர் 28

இன்று இருவரும் பேசவில்லை. ரேடியோ பேசியது.

அக்டோபர் 3

ரத்தம் கொதிக்கிறது. எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

ஸ்ட்ரோபெல் அவர்கள் வேட்பாளரைக் கூட்டி வந்து, செத்த விளக்குக் கம்பத்துக்குக் கீழே க்ளீவை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். ஊரெல்லாம் போனில் ஓடுகிறது. க்ளீவ் கம்பத்தைத் தட்டிக் காட்டிச் சொல்கிறான்: "இது எங்க வீட்டுக்காரி கட்சி நட்ட கம்பம். என் வீட்டுக்காரி நல்லவ. கம்பந்தான் எரியல."

இதிலே என்னை எதுக்கு இழுக்கணும்? நான் என்ன சும்மாவா இருந்தேன்? இந்த விளக்குக்காக மோப்லிகிட்ட எத்தனை தடவை போய் நின்னிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு, அதே பதில்: "பண்ணிடலாம் ஒடெஸா, என்ன அவசரம்? உங்க தெரு ஓட்டு எங்க போயிடப் போவுது?"

எங்க போயிடப் போவுது.

இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. நான் இந்தப் பூத்தை அவ்வளவு நன்றாகக் கட்டிக் காத்திருக்கிறேன். அவ்வளவு நன்றாகக் காத்ததால்தான் விளக்கு எரியவில்லை.

க்ளீவுக்கு ராத்திரிச் சாப்பாடு வைத்தேன். கோழியில் கால் துண்டை நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் தண்டனை.

அக்டோபர் 6

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது!

காலையில் ஏணி வைத்த நகராட்சி வண்டி வந்தது. மோப்லி கூடவே நின்றார், கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு. பல வருஷமாக ஆகாத வேலை காப்பி ஆறுவதற்குள் முடிந்தது. கம்பத்தில் புது விளக்கு.

அது முடியக்கூட இல்லை, ஸ்ட்ரோபெலின் வண்டி வந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை, மூடிக் கிடந்த சலவைக் கடையின் சொந்தக்காரரை மட்டும் கேட்டாராம். அந்தச் சுவரில், நேர் எதிரே, பந்தாட்ட மைதானத்தில் போடுவது போல ஒரு விளக்கை மாட்டிவிட்டார். மோப்லியும் ஸ்ட்ரோபெலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைப் படம் எடுத்திருக்க வேண்டும். மாமியார் வீட்டு விருந்தில் இரண்டு மருமகன்கள் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி.

சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டும் எரிந்தன. மிஸ் பெர்லீன் வெளியே வந்து கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். "அடியே ஒடெஸா, உன் புருஷன் இன்னும் ரெண்டு கட்சி மாறட்டும்டி. எனக்கு இந்த உடைஞ்ச நடைபாதையையும் புதுசா போடணும்."

அக்டோபர் 14

தெரு விருந்து! சுட்ட சம்பவத்துக்குப் பிறகு யாருக்கும் மனசில்லாமல் நிறுத்தி வைத்திருந்தோம். இந்த வருஷம் க்ளீவே வீடு வீடாகப் போய், தெருவை அடைக்கும் அனுமதிக்குக் கையெழுத்து வாங்கினான். நானும் கூடப் போனேன். கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் முதலில் சிரித்தார்கள், பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

தெருவின் இரண்டு முனையையும் தடுப்பு வைத்து அடைத்தோம். அடுப்புகள் நடுத்தெருவுக்கு வந்தன. நான் மக்ரோனியும் கீரையும். க்ளீவ் அடுப்பில் சுட்ட விலா எலும்புக் கறி. அழைக்காமலே இரண்டு வேட்பாளர்களும் வந்துவிட்டார்கள், கேமராவோடு. ஆளுக்கொரு முனையில் நின்று கை குலுக்கிக்கொண்டே நடுவுக்கு நகர்ந்தார்கள். கவுன்சிலர், "இங்க பாருங்க, எவ்வளவு அமைதி," என்கிறார். பழைய போலீஸ்காரர், "இந்த ஜனங்க எவ்வளவு பயந்து வாழறாங்க தெரியுமா," என்கிறார்.

அப்போதுதான் க்ளீவின் கையிலிருந்து அடுப்பு மூடி நழுவியது. டமார்!

தெரு முழுக்கத் தரையில். நானும்தான். பேரப்பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கீழே. ஒரு சத்தமில்லை. கொலைகள் குறைந்துவிட்டன என்று எங்கள் கட்சி சொல்கிறது. நெசந்தான். ஆனால் எங்கள் முழங்கால்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பிறகு மிஸ் பெர்லீனின் குரல்: "எந்திரிங்கப்பா. அது அடுப்பு மூடி." என் மக்ரோனி மேசையின் துணியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கவுன்சிலரும் பழைய போலீஸ்காரரும் கன்னத்தோடு கன்னம். "வெளிய வாங்க மகராசனுங்களா. உள்ள ஓட்டு ஒண்ணும் இல்ல."

அப்படி ஒரு சிரிப்பு இந்தத் தெருவில் நான் கேட்டதில்லை. ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்டே சிரித்தோம். அவர்கள் இரண்டு பேரும்கூடச் சிரித்தார்கள். அது பாராட்ட வேண்டியது. மிஸ் பெர்லீன் விடவில்லை. பெண்பிள்ளைகள் தாண்டிக்கொண்டிருந்த இரட்டைக் கயிற்றை வாங்கி, ஆளுக்கொரு முனையைக் கொடுத்துச் சுற்றச் சொன்னாள். ஒருவர் வேகம், ஒருவர் நிதானம். கயிறு பின்னிக்கொண்டது. பிள்ளைகள் திட்டத் திட்டக் கற்றுக்கொண்டார்கள். கேமராக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

இருட்டிய பிறகும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை.

அக்டோபர் 15

முழங்கால் வலி. நேற்று ராத்திரி எல்லாரும் வரிசையாக நின்று ஆடிய ஆட்டத்துக்கு நான் போயிருக்கக் கூடாது. போனதில் ஒரு வருத்தமும் இல்லை.

நவம்பர் 7

தேர்தல். விடியும் முன்னே எழுந்து காப்பி போட்டேன். வருஷாவருஷம் க்ளீவ் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டுச்சாவடியான சர்ச் வாசலில் என்னோடு நின்று, யாருக்குப் போட வேண்டும் என்று காட்டும் மாதிரி வாக்குச்சீட்டு கொடுப்பான். இந்தத் தடவை மேசையில் இரண்டு பெட்டி. அரைத் தூக்கத்தில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போய் வாசலின் இரு பக்கமும் நின்றோம்.

"காலை வணக்கம், உங்க ஓட்டு, நம்ம சீட்டு," என்று பாடிப் பாடிக் கொடுத்தேன். எதிரே அவனும் சளைக்கவில்லை. பாதித் தெரு உள்ளே போய் வந்த பிறகு மிஸ் பெர்லீன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என் சீட்டைப் படித்தாள்.

"ஏண்டி, நீயும் யானைக்குத் தாவிட்டியா?"

பார்த்தால் என் கையில் அவன் சீட்டு! அவன் கையில் என்னுடையது! இரண்டு கட்சிக்கும் ஒரே அச்சகம், ஒரே பச்சைக் காகிதம். காலையிலிருந்து நான் அவன் கட்சிக்கும் அவன் என் கட்சிக்கும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம்.

"யாருகிட்டயும் சொல்லிடாத," என்றான் க்ளீவ். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பெட்டியை மாற்றிக்கொண்டோம். மத்தியானம் எங்கள் கட்சி அனுப்பிய சாண்ட்விச்சில் இரண்டைத் தின்றான். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நவம்பர் 8

கவுன்சிலரே ஜெயித்தார். எங்கள் பூத்தில் யானைக்கு நாற்பத்தாறு ஓட்டு. இருபதைத் தாண்டினால் என்று மோப்லி சொன்னது ராத்திரி முழுக்கக் காதில் ஓடியது.

காலையில் அவரே வந்தார். நான் கதவைத் திறந்து, "சரி, யாரப் போடறீங்க?" என்றேன்.

"யாரப் போடறதா? வட்டத்துலேயே உன் பூத்துலதான் அதிக ஓட்டு பதிவாயிருக்கு. நமக்கே போன தடவையவிட டபுள்." தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் புருஷன் அடுத்த தடவையும் அந்தப் பக்கமே நிப்பாருல்ல?"

க்ளீவ் உள்ளேயிருந்து கத்தினான்: "நடைபாதை போட்டுட்டு வந்து கேளுங்க!"

நவம்பர் 30

நவம்பர் முடிந்தது. வீட்டை விற்பது பற்றி க்ளீவ் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தரகரின் அட்டை குளிர்பெட்டியில் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 2

போலீஸிலிருந்து க்ளீவுக்கு போன். கடிகாரம் கிடைக்கவில்லை. ஆனால் போன் வந்தது. அரைமணி நேரம் பேசினான், பழைய சிநேகிதனிடம் பேசுவது போல.

ஏப்ரல் 17

இன்றைக்குத்தான் முதல் முதலாக ஸ்வெட்டர் இல்லாத சாயங்காலம். கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். நிலவறையில் ஏதோ உருண்டது. பாய்லருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். பிறகு படியில் தடதடவென்று சத்தம்.

க்ளீவ் மடக்கு நாற்காலியோடு என்னைத் தாண்டி வெளியே போனான். நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. காதை மட்டும் வாசல் பக்கம் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "ஒடெஸா! உன் கட்சி விளக்கு என் கண்ணுல குத்துது!"

"உன் கட்சி விளக்குப் பக்கம் திரும்பி உக்காரு!"

"அது இன்னும் மோசம்! அதுவுமில்லாம இந்தக் கால் ஆடுது. எதாவது அட்டை கிட்டை குடு, முட்டுக் கொடுக்க."

குளிர்பெட்டிக் கதவிலிருந்து தரகரின் அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நாலாக மடித்து நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்து, உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தான்.

"இப்ப ஆடல," என்றான்.

மிஸ் பெர்லீன் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கீரையை வெளியே கொண்டுபோய் நறுக்கினேன்.