துண்டுக்கடியில் விரல்கள்

திருச்சி
12.6.2003

அன்புத் தம்பி ஸ்டீபன்ராஜுக்கு, அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கு நலம். உன் நலத்தைத்தான் தங்கை டெய்சி போனில் சொன்னாளே! ஐம்பது ஆகுமுன்பே பேங்க் வேலையை விட்டாய். இப்போது உடம்பு முழுக்கச் சர்க்கரையை வைத்துக்கொண்டு, அய்யலூர்ச் சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாயாம். பி.காம். படித்தவன் புழுக்கை வாசத்தோடு பூசைக்கு வருவதாக ஊரே மூக்கைப் பிடிக்கிறதாம். என் பள்ளிக்கூட ஆபீசில் ஃபேனுக்கடியில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. உன் உடம்பை நினைத்துத்தான் கூப்பிடுகிறேன். பெட்டியைக் கட்டு.

ராயப்பராஜ்

திண்டுக்கல்
20.6.2003

மரியாதைக்குரிய அண்ணனுக்கு, தம்பியின் தோத்திரம்.

இந்தச் சர்க்கரை சந்தையில் வந்ததல்ல. இருபத்தாறு வருடம் ஃபேனுக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தது. இப்போது விடியலில் ஊசி போட்டு, இட்லி தின்று, சட்டைப்பையில் கடலைமிட்டாயோடு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன். தலை சுற்றினால் மிட்டாய் எனக்கு, மீதி ஆட்டுக்கு. வாங்கும் குட்டிகளைக் கொல்லையில் தேற்றி விற்கிறேன். பூசையில் மூக்கைப் பிடிக்கிறவர்கள்தான் கிறிஸ்துமஸ் கறிக்கு என்னிடம் சொல்லி வைக்கிறார்கள்.

உங்களுக்கு மறந்திருக்கும். சந்தையில் விலையை வாயால் சொல்வது மரியாதைக்குறைவு. கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்துத்தான் பேரம்; பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கைதான் விலை. அந்தச் சுகம் உங்கள் ஆபீசில் கிடைக்காது.

ஸ்டீபன்ராஜ்

திருச்சி
3.9.2003

தம்பி,

எல்லாம் கேள்விப்பட்டேன். சர்க்கரை நரம்பில் இறங்கி உன் விரல்கள் மரத்துவிட்டனவாம். வியாபாரி எத்தனை விரலைப் பிடித்தான் என்றுகூடத் தெரியாமல் சந்தை நடுவில் அசடு வழிந்தாயாம். போதுமா ஆட்டம்? இனியாவது வந்து சேர். கணக்கு நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

ராயப்பராஜ்

திண்டுக்கல்
11.9.2003

அண்ணனுக்கு,

சந்தையிலிருந்து திரும்பியதும் எழுதுகிறேன். டெய்சி சொன்னது நிஜம்தான். வியாபாரி சடையாண்டி மூன்று விரலைப் பிடித்திருக்கிறார், எனக்கு இரண்டாகப் பட்டது. ஏமாற்றுகிறார் என்று நான் சண்டைக்குப் போக, கூட்டம் கூடிவிட்டது. இனிச் சந்தையே இல்லை என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்று சும்மா பார்க்கத்தான் போனேன். சடையாண்டி கூப்பிட்டார். துண்டை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க என் விரல்களைப் பிடித்தார்.

"கண்ணால பாத்துக்கங்க அப்பு. உங்களுக்கு இனிமே தொறந்த கைதான்" என்றார்.

பக்கத்து ஆட்களுக்கெல்லாம் அவர் விலை தெரிந்துபோனது. அவர் கவலைப்படவில்லை. நான்கு குட்டிகள் வாங்கி வந்தேன்.

நீங்களும் துண்டை எடுத்துவிடுங்கள் அண்ணே. சம்பளம் பத்தவில்லை என்று உங்கள் கணக்கர் ஓடிப்போய் மூன்று மாதமாகிறது. டெய்சி இரண்டு பக்கமும் பேசுகிறவள். ஓசிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால், தம்பி என்ற முறைக்கு வந்து கணக்கை முடித்துத் தந்திருப்பேன். என் நோயைச் சாக்காக வைத்துக் கூப்பிட்டீர்களே, அதற்கு வரமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்குக் கறி வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதுங்கள். ஊருக்குச் சொல்லும் விலைதான் உங்களுக்கும்.

ஸ்டீபன்ராஜ்