நீ ஓடிய இருபது சுற்று

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்கே எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. என்னடா இது, வாரம் தவறாமல் போனில் வருகிற மனுஷன் திடீரென்று கடிதம் போடுகிறாரே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், நீ மாத்திரை போட்டீங்களாப்பா என்பாய், நான் போட்டேம்மா என்பேன், அதற்குள் அவள் போனைப் பிடுங்கிக்கொள்வாள். நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடங்காது, அடங்கினாலும் உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படி கட்டியது நான்தான் என்பதுபோல. குளியலறைக் குழாயை உன் தம்பி வந்து சரிசெய்தான், முன்பு சொட்டிய இடத்தில் இப்போது சொட்டவில்லை, பக்கத்தில் சொட்டுகிறது. அவனுக்கு அலுவலகத்தை ஊரின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டார்கள், பேருந்தில் உட்கார்ந்து போவதற்கே ஒரு மணி நேரம் புலம்புகிறான். எதிர்வீட்டுத் தையல்காரர் உன்னை விசாரித்தார். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, போன வாரம் மட்டும் காய்கறிக் கடைத் தராசுகள் ஆறு பழுதுபார்க்க வந்தன, மருந்துக்கடைத் தராசு ஒன்று, நகைக்கடையிலிருந்து ஒன்று. நகைக்கடைக்காரர் தலையில் இடி விழுந்ததுபோல் ஓடி வந்தார், திறந்து பார்த்தால் தட்டுக்கு அடியில் ஒரு எறும்பு செத்துக் கிடந்தது.

சர்க்கரைக்காகத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டது உனக்குத் தெரியும். எட்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை, மழை பெய்தாலும் குடையோடு நடந்தேன். இத்தனை நடந்தால் ஏழெட்டுக் கிலோவாவது கழன்று விழும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அம்மாவிடம் பழைய பேண்ட்டை எல்லாம் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். எண்பத்து நான்கு கிலோவில் தொடங்கினேன். எட்டு மாதம் கழித்து எண்பத்து மூன்று கிலோ அறுநூறு கிராமில் நிற்கிறேன். நடந்து நடந்து உங்க செருப்புதான் இளைச்சிருக்கு என்று உன் அம்மா தெருவுக்கே கேட்கிறமாதிரி சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குத் தராசின் மேல் சந்தேகம் வந்தது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள வழியில் நிற்குமே, ஆள் நிறுக்கும் அந்த எடை மேடை, அதைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கற்கள் நான்கைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். முள் மயிரிழை பிசகாமல் எண்பதில் நின்றது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று அதற்கும் அவளிடம் ஒரு பேச்சு வாங்கினேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் பிரிவுக்குப் போனபோது, சாப்பாட்டு விஷயம் சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார்கள். உன்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். என் சீட்டைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், நடுவுல ஏதாச்சும் சாப்பிடுறீங்களா சார் என்று கேட்டாள். இல்லை என்றேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று சொல்லி ஒரு பார்வை பார்த்தாள். அம்மாடி, எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. நான் என்ன திருடனா, அறுபத்து நான்கு வயதில் ஒளித்துவைத்துத் தின்பேனா என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். உன் அம்மாதான் உள்ளே புகுந்து, சத்தியமா அவரு அளவாத்தான் சாப்பிடுறாரு, ஆனா நடந்துட்டு வந்தா ராஜா, தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டாரு என்று ஆரம்பித்து, முன்பு நானே தூக்கிய எடைக்கல்லை இப்போது பக்கத்துப் பட்டறை வெல்டரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வது, சந்தைக் கட்டடத்தில் மாடி ஏறாமல் லிஃப்டில் போவது, மதியத் தூக்கம் அரை மணியிலிருந்து இரண்டு மணியானது வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். நடந்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் உங்கள நம்புறேன் சார், எல்லாருகிட்டயும் கேக்குற கேள்விதான் அது என்றாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். ஒரு மணி நேரம் நடந்து செலவாவது நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம்தானாம், இனிப்புப் போட்ட ஒரு டீயும் நாலு பிஸ்கட்டும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுமாம். நடையில் செலவானதை உடம்பு வேறு இடத்தில் மிச்சம் பிடிக்குமாம், நமக்கே தெரியாமல் அசைவைக் குறைக்கும், பசியைக் கூட்டும், சிலருக்கு அதிகமாக, சிலருக்குக் குறைவாக. அதனால் உழைத்தும் முள் நகராமல் நிற்கலாமாம், அதற்காக நடப்பது வீண் இல்லையாம். என் சர்க்கரை இறங்கியிருப்பதையும் ரத்த அழுத்தம் ஒழுங்குக்கு வந்திருப்பதையும் சீட்டில் காட்டினாள். எனக்கு அதெல்லாம் பாதிதான் காதில் ஏறியது. நான் உங்கள நம்புறேன் என்று சொன்னாளே, அதிலேயே என் மனசு நின்றுவிட்டது. பதின்மூன்று வயதில் நீ என்னிடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போன வார்த்தை அது.

எழுந்து வரும்போது, எனக்குத் தெரிந்த ஒரு பெண், பதின்மூன்று வயது, தினமும் ஓடுவாள், இரண்டு வருடம் ஓடியும் எடை இறங்கவில்லை, அது எப்படி என்று கேட்டேன். அவள், வளர்ற பொண்ணுக்கு எடை ஏறத்தானே சார் செய்யும், உயரம் எவ்வளவு கூடுச்சு என்றாள். தெரியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னை மேடையில் ஏற்றி, பட்டறை அலமாரிக் கதவின் உள்பக்கம் தேதி போட்டு எடை எழுதியவன் நான், ஒரு முறையாவது உன்னைக் கதவோரம் நிறுத்தி உயரம் பார்க்கவில்லை. உன் தம்பி ஒல்லிக்குச்சியாக இருந்ததால் அவனை ஒரு நாளும் அதில் ஏற்றியதில்லை, அவன் இரண்டு தட்டுச் சாப்பிட்டாலும் வளர்கிற பிள்ளை என்றோம். அந்தப் பெண் விடாமல், ஏறாம நின்னதே பெரிய விஷயம், வீட்டுல அவளைப் பாராட்டினாங்களா என்று கேட்டாள். நான் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் எனக்கு அழுகை வந்தது, கண்ணில் தூசி என்றேன், உன் அம்மா நம்பியதுபோல் இருந்தாள்.

இப்போது சொல்வதை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உனக்குப் பதினான்கு நடந்தபோது, இருபது சுற்று ஓடினேன் என்று நீ வந்து சொல்வாய், நான் ஓடினியா, உக்காந்திருந்தியா என்று கேட்பேன், நீ உள்ளே போவாய். ஒரு நாள் காலை உனக்குத் தெரியாமல் உன் பின்னால் வந்தேன். பள்ளி மைதானத்துக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகை இருக்குமே, அதன் சுவரோரம் நின்று எண்ணினேன். நீ இருபது சுற்றும் ஓடினாய். பதினாறாவது சுற்றில் மூன்று பையன்களைத் தாண்டிப் போனாய், எனக்குக் கைதட்டத் தோன்றியது, நான் நிற்பது தெரிந்துவிடுமே என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். இருபதாவது முடிந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாய், மறுபடி நிமிர்ந்து இன்னொரு பாதிச் சுற்று நடந்தாய். உன் சொல் சுத்தமான சொல் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அப்படிப் பார்த்தவன் என்ன செய்திருக்க வேண்டும். நான் அன்று சாயங்காலம் ஒரு பூட்டு வாங்கி வந்து சமையலறை அலமாரிக்குப் போட்டேன். ஓட்டம் உண்மை, தராசும் உண்மை, அப்படியென்றால் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று முடிவுகட்டினேன். என் தொழில் புத்தி அது. கடைத்தெருவில் எடை இடித்தால் முதலில் தராசைப் பார்ப்பேன், தராசு சரி என்றால் ஆள் பொய், வேறு வழியே கிடையாது. கடைக்காரனுக்கு வைத்திருந்த அந்தச் சட்டத்தை என் பிள்ளைக்கும் வைத்தேன். பூட்டிய பிறகும் எடை மாறவில்லை, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை, பள்ளியில் தோழிகளிடம் வாங்கித் தின்கிறாள் என்றேன். நீ பசியோடு படுத்த நாட்கள் எத்தனை என்று உன் அம்மாவுக்குத் தெரியும், போன வாரம் கேட்டேன், இப்ப எதுக்குக் கேக்குறீங்க என்று எழுந்து போய்விட்டாள். தப்புப் பண்ணிவிட்டேனம்மா. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை, நான்தான் சுவரோரம் நின்று எண்ணினேனே.

வாண்டுக்கு ஐந்து வயதில் நீங்கள் வந்திருந்தபோது, விளையாட்டாக அவளைத் தூக்கி அந்த மேடையில் நிறுத்தினேன். நீ அவளை இறக்கிக்கொண்டு போனாய், இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பினாய், மாப்பிள்ளைக்கு அவசர வேலை என்றாய். நானும் அதை நம்பினேன், உன்னை நம்பாதவன் அந்தப் பொய்யை மட்டும் நம்பினேன். நாலு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் லீவுக்கு வாங்களேன் என்று அம்மா போனில் கேட்டபோது, அந்தத் தராசு இன்னும் அங்கதான் நிக்குதா என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. அம்மா பேச்சை மாற்றினாள். நான் எழுந்து பட்டறைப் பக்கம் போய், செய்வதற்கு வேலையில்லாமல் பூஜ்ஜியத்தில் நின்ற அந்த மேடையின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அது இங்கே இல்லை. தெருமுனைப் பார்சல் ஆபீசுக்குக் கொடுத்துவிட்டேன், அதன் மேல் மூட்டைகள்தான் ஏறுகின்றன. வழி விசாலமாகிவிட்டது, உன் அம்மா அங்கே துணி காயப்போட ஆரம்பித்துவிட்டாள். வாண்டு வந்தால் அவளைக் கதவோரம் நிறுத்தி உயரம் பார்க்கட்டுமா, அதுவும் அவளுக்குப் பிடித்தால்தான், நீ சரி என்றால்தான். இதை எழுதிவிட்டதால் நீ வந்துதான் ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை, உனக்கு மனசு வரும்போது வா, வராவிட்டாலும் கேட்க எனக்கு வாய் கிடையாது. நீ ஓடுவதையே விட்டுவிட்டாய் என்று அம்மா சொன்னாள். மறுபடி ஓடு என்று சொல்ல வருகிறது, அந்த வாயை மூடிக்கொள்கிறேன். நான் மட்டும் நடக்கிறேன், இளைக்க இல்லை, நடந்தால் உடம்பு லேசாக இருக்கிறது, மதியத் தூக்கத்தையும் அரை மணிக்குக் கொண்டுவந்துவிட்டேன், எடைக்கல்லையும் நானே தூக்குகிறேன், வெல்டர் நிம்மதியாக இருக்கிறார். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, வயிறு நிறையச் சாப்பிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல் நூறு வருடம் வாழ வேண்டும், அம்மாவின் முத்தங்களும் இதோடு வருகின்றன.

ஒன்றே ஒன்று, மறக்காமல் பதில் எழுது. பதினைந்து வயதில் பள்ளி விளையாட்டு விழாவில் மூவாயிரம் மீட்டரில் இரண்டாவதாக வந்து, வியர்வை காயாமல், சான்றிதழைத் தூக்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு ஓடி வந்தாயே. நான் அதைக் கையில் வாங்கவில்லை, ஏறு பாப்போம், எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு என்றேன். நீ ஏறினாய், சான்றிதழை நாலாக மடித்துக்கொண்டே ஏறினாய். அறுபத்தொரு கிலோ நானூறு, அது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முள் நிற்பதற்குள் நீயும் ஏதோ ஒரு எண் சொன்னாய், இத்தனை நிமிடம் இத்தனை விநாடி என்று. என் கண் முள்ளில் இருந்தது, காதில் வாங்கவில்லை. அது எத்தனை அம்மா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா