மதியம் மட்டும் பட்டினி கிடந்த பாட்டரி

மச்சான்,

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். இன்வர்ட்டர் வாங்கிய அன்றே சொன்னேன். அதைப் போனில் இருந்து ஓட்டுகிற ஏற்பாடு செய்தபோதும் சொன்னேன். என்ன சொன்னேன் என்று வார்த்தைக்கு வார்த்தை கேட்டால் ஞாபகமில்லை. ஆனால் சொன்னேன்.

இன்று காலை எட்டு மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் போன் கூவியது. "சார்ஜ் ஏறத் தொடங்கியது." உன் வீட்டு இன்வர்ட்டர்தான், உன் மாப்பிள்ளை என் போனிலும் அதை இணைத்துவைத்தாரே. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அது இன்னும் ஒழுங்காக எனக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. "அதப் போன்லேருந்து எடுத்துடுங்களேன்" என்கிறாள் என் மனைவி. எடுக்கத் தெரியாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கா தெரியாது? பீன்யாவில் நாம் வேலை பார்த்த கம்பெனியில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஊரே ஓடியபோது, தனியாளாக உள்ளே போய்ச் சரி செய்தவன் நான். "டிரான்ஸ்ஃபார்மர் இல்ல மச்சான், ப்யூஸ்" என்று நீ ஒவ்வொரு முறையும் குறுக்கே விழுவாய். இப்போது குறுக்கே விழ ஆளில்லை. டிரான்ஸ்ஃபார்மராகவே இருக்கட்டும்.

உன் நுரையீரல் பாதி வேலையை நிறுத்திக்கொண்டதும், கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் வந்ததும், அது கரன்ட் இல்லாமல் ஓடாது என்பதால் இன்வர்ட்டர் வந்ததும் ஒரே வாரத்தில் நடந்தவை. நீலசந்திராவில் உன் வீட்டு வயரிங் நம் இருவரையும்விடக் கிழம். காலையில் தண்ணீர் மோட்டார் ஓடும்போது பாட்டரியும் சார்ஜ் ஏறினால் மெயின் பொத்தென்று விழுந்துவிடும். ஐ.டி.யில் இருக்கிற உன் மாப்பிள்ளை அதற்கு ஒரு வழி செய்தார். தினம் மதியம் பன்னிரண்டுக்குச் சார்ஜைத் தொடங்கு, நாலுக்கு நிறுத்து என்று இன்டர்நெட் வழியாக இன்வர்ட்டருக்கு உத்தரவு போகும். யாரும் எழுந்து ஸ்விட்ச் போடவேண்டாம். கேட்பதற்கு ராஜ யோகம்.

ஒரு சாயங்காலம் கரன்ட் போனது. பத்தே நிமிடத்தில் இன்வர்ட்டர் கத்திவிட்டு அடங்கிப்போனது. பாட்டரி காலி. உன் மனைவி ஓடிப்போய்ச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்து மாட்டினாள். அடுத்த வாரமே இன்னொரு முறை. அப்போதுதான் உன் மகள் வந்து நின்றாள்.

"இன்னொரு தபா மிஷின் நின்னுச்சுன்னா அவ்ளோதான். அப்பாவ சந்தாபுராவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க ஃபிளாட்ல ஜெனரேட்டர் இருக்கு, லிஃப்ட் இருக்கு. மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அவள் போனபிறகு நீ மெதுவாகச் சொன்னாய்: "ஒன்பதாவது மாடி மச்சான். அங்க போயிட்டா என்ன யாரு எட்டிப் பாப்பாங்க? இந்தத் தெருச் சத்தமே இல்லாம எப்பிடித் தூங்குவேன்?" நான் நெஞ்சைத் தட்டி, "நான் இருக்கசொல்ல உன்ன யாரு கூட்டிட்டுப் போறது? பாத்துக்கறேன்" என்றேன். எனக்கு அப்போது இன்வர்ட்டரில் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்றுகூடத் தெரியாது.

பழுது பார்க்க வந்தவன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பேட்டரி ஹோயிது சார், ஹொசது ஹாகி" என்றான் கன்னடத்தில். பாட்டரி போய்விட்டது, புதிதாகப் போடவேண்டுமாம். "இவன் கண்ணுக்கு எல்லாமே போனதாத்தான் தெரியும்" என்று அவனை அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியைப் பாட்டரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடித்தது. 'டக்' என்றது. சார்ஜ் ஏறத் தொடங்கியது. நாலு மணிக்கெல்லாம் நிறைந்துவிட்டது. நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய்.

செவ்வாய், புதன் நான் வரவில்லை. புதன் சாயங்காலம் உன் போன். "உன் பாட்டரி ரெண்டு நாளாப் பட்டினிடா." வியாழன் வந்தேன். மறுபடியும் 'டக்'. மாப்பிள்ளை போனில் பார்த்துவிட்டு நேரமெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறது என்றார்.

"என் மூஞ்சியப் பாத்தா அது பயப்படுது, மச்சான்" என்றேன்.

"பயமில்ல. நீ பேசறதக் கேக்க முடியாம சட்டுன்னு வேலையப் பாக்குது."

சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்துவிட்டது. அதற்கப்புறம் பத்து நாள் தினமும் பதினொன்றரைக்கே வந்து உட்கார்ந்துகொண்டேன். சோறு, ரசம், போனில் கிரிக்கெட், உன் நக்கல். பாட்டரி நிறைந்தது. காரணம் மட்டும் புரியவில்லை. புரியாமலே இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு எண்ணம் உள்ளுக்குள் ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் நாள் பஸ் கிடைக்காமல், நான் வரவில்லை என்று போன் செய்துவிட்டேன். பிறகு ஆட்டோ பிடித்து வந்துசேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பாட்டரி சும்மா கிடக்கிறது. நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாய். அலமாரி மேல் எப்போதும் மினுக்கிக்கொண்டிருக்கும் வை-ஃபை பெட்டி இருண்டு கிடக்கிறது.

"இத யாரும்மா அணைச்சது?"

"நான்தான்ணா" என்றாள் உன் மனைவி. "மதியம் தூங்கியே ஆவணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு போனப் பாத்துக்கினே கெடக்கறாரு. நெட்ட அணைச்சாத்தான் கண்ண மூடறாரு."

"நான் வந்தப்ப அணைக்கலியே?"

"நீங்க கிரிக்கெட் பாப்பீங்க. வீட்டுக்கு வந்தவங்க இருக்கசொல்ல எப்பிடிண்ணா அணைக்கறது?"

அவ்வளவுதான், விஷயம். நெட் இல்லாவிட்டால் பன்னிரண்டு மணி உத்தரவு இன்வர்ட்டருக்கு எப்படிப் போய்ச் சேரும்? நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "அப்ப இத்தன நாளு நான்தானா அத..." என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ மூக்குக் குழாயோடு எழுந்து உட்கார்ந்து, "ஏய், அழாத. நீ அணைச்சதாலதான் நானு தூங்கனேன்" என்றாய்.

நெட்டை அணைக்காதே என்று சொல்லியிருக்கலாம். உன் தூக்கம் கெடும். அங்கேதான் ஒன்பதாம் வகுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிய இந்த மூளை வேலை செய்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"மாப்ளே, அதுக்கு எப்ப சாப்புடணும்னு சொல்லாதீங்க. எப்ப சாப்புடக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க."

காலையில் மோட்டார் ஓடும் ஆறு முதல் எட்டு வரை நிறுத்திவை. மற்ற நேரமெல்லாம் அது பாட்டுக்குச் சார்ஜ் ஏறட்டும். அந்த நேரத்தில் நெட் எப்படியும் இருக்கும். மதியம் நெட் போனால் போகட்டும். மாப்பிள்ளை போனில் அப்படியே மாற்றிப் போட்டார். பிறகு, "மாமா, இது எனக்கு ஏன் தோணல?" என்றார். எழுதிவைத்துக்கொள், அவர் சொன்ன அதே வார்த்தை.

அடுத்த மாதம் ஒரு மழை. பெங்களூரையே தூக்கிக்கொண்டு போகிற மழை. ஏழு மரம் கம்பி மேல் விழுந்தது. சரி, ஒரு கிளை. நாலு மணிக்குப் போன கரன்ட் ஏழு வரை வரவில்லை. உன் மனைவி ரேஷன் கடையில் மாட்டிக்கொண்டாள். நீயும் நானும் மட்டும்.

உன் மகள் போன் செய்தாள். "மாமா, கரன்ட் இருக்கா?"

"போயி ரெண்டு மணி நேரமாச்சு."

"மிஷினு?"

"ஓடுது. கேளு" என்று போனை மிஷின் பக்கத்தில் நீட்டினேன். அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், "சரி மாமா. அப்பா அங்கியே இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தக் கட்டிலில், அந்தத் தெருச் சத்தத்தில் இருந்தாய். அங்கிருந்தேதான் போனாய்.

அந்த மழை நாளை நான் சொல்லாத இடமில்லை. உன் காரியத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கரன்ட் வந்ததும் நீ என் கையைப் பிடித்து, "படிக்காத இன்ஜினியர்டா நீ. என் வீட்ட எனக்குக் காப்பாத்திக் குடுத்துட்ட" என்று கண்கலங்கியதாகச் சொன்னேன். உன் மகள் அழுதாள். மாப்பிள்ளைகூடக் கண்ணாடியைக் கழற்றினார்.

நீ அப்படி ஒன்றும் சொல்லவில்லை, மச்சான். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். கரன்ட் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. 'பாத்தியா, நான் சொன்னேனில்ல' என்று சொல்வதற்காக இரண்டு முறை உன் தோள் வரைக்கும் கையைக் கொண்டுபோனேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். உன் மகளிடம் போனில் கிசுகிசுத்த நாலு வார்த்தையைத் தவிர, மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் நான் உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அதை மட்டும் இதுவரை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.